பல்லியை வேடிக்கை பார்த்த பேராயர்

கேள்வி: நான் கிறிஸ்தவர் இல்லை. எங்கள் கோயிலுக்கே எப்போதாவதுதான் போவேன். ஆனாலும் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி ஒருவர் ஒப்பனை இல்லாமல் எழுதியிருந்தால் கீழே வைக்க மனசு வருவதில்லை. பஸ் ஸ்டாண்டில் கையில் திணிக்கும் கைப்பிரதியையோ இரண்டு வரிக்கு மேல் படிக்க முடிவதில்லை. இரண்டிலும் சொல்கிற விஷயம் ஒன்றுதானே? பிறகு ஏன் இப்படி? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்:

கைப்பிரதி எழுதியவன் பதில் சொல்கிறேன். ஒரு திருச்சபை மாத இதழில் பதினான்கு வருடம் பிழை திருத்தினேன். சாட்சிப் பக்கம், அதாவது கடவுள் தங்கள் வாழ்க்கையில் செய்ததை வாசகர்கள் எழுதி அனுப்பும் பக்கம், என் பொறுப்பு. நடுவில் கைப்பிரதிகளும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் நீங்கள் இரண்டாவது வரியில் கீழே போடுவது எனக்கு வருத்தமாகவும் இல்லை, புதிதாகவும் இல்லை.

எளிய தமிழ், பேச்சு நடை என்று சிலர் காரணம் சொல்வார்கள். பேச்சு நடையில் எழுதிய பொய்ச் சாட்சிகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவன் நான்; நடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கைப்பிரதி உங்களைப் பார்த்து எழுதியது. உங்களிடம் அதற்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. காரியம் ஆக வேண்டியவர்கள் பேசும்போது நம் காது தானாகவே உஷாராகிவிடுகிறது, அது சீட்டுக் கம்பெனி ஆளாக இருந்தாலும் சரி, சுவிசேஷகராக இருந்தாலும் சரி. உங்களைக் கட்டிப்போட்ட எழுத்துகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை நமக்காக எழுதியவையே அல்ல. ஒன்று கடவுளிடம் பேசியதாக இருக்கும், இன்னொன்று பாவங்களை ஒப்புக்கொள்ளும்போது (பாவசங்கீர்த்தனம்) கேட்கும் குருவுக்குப் போட்ட கடிதமாக இருக்கும், இல்லையென்றால் யாரோ தூக்கம் வராத ராத்திரியில் பழைய நோட்டில் கிறுக்கியதாக இருக்கும். பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லாத இடத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். நாம் கதவோரம் நின்று கேட்கிறோம்.

இந்த வகை எழுத்துக்கு மூத்தவர் அகஸ்டின். கி.பி. 397 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ என்ற துறைமுக ஊரில் (இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்று பெயர்) பேராயராக இருந்தபோது ‘அறிக்கைகள்’ எழுதத் தொடங்கினார். 13 பகுதிகள். முழுக்க முழுக்க “நீர்” என்று கடவுளை முன்னால் உட்காரவைத்துப் பேசுகிற பேச்சு. எல்லாரும் அதில் பேரிக்காய்த் திருட்டைத்தான் எடுத்துச் சொல்வார்கள்: பதினாறு வயதில் கூட்டாளிகளோடு ராத்திரி போய்ப் பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கியது, பெரும்பாலும் தின்னாமல் பன்றிகளுக்குப் போட்டது. எனக்குப் பிடித்த இடம் அது இல்லை. சிறுவயதுத் திருட்டை நாற்பதைத் தாண்டிய பிறகு ஒத்துக்கொள்ள யாருக்கும் பெரிய தைரியம் தேவையில்லை.

பத்தாம் பகுதிக்குப் போங்கள். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் மனம் திரும்பிய கதை எட்டாம் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் இதழாக இருந்தால் அங்கேயே ‘ஆமென்’ போட்டு, கீழே போட்டோ வைத்திருப்போம். மனிதர் அங்கே நிறுத்தவில்லை. இன்றைக்கு, பேராயராக, சபை நடத்துகிறவனாக, என் நிலைமை என்ன என்று தொடங்கிவிடுகிறார். பழைய ஆசைகள் கனவில் வந்து நிற்கின்றன என்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் பசி எங்கே முடிகிறது, ருசி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். சபையில் பாடும்போது பாட்டின் பொருளை விட்டுவிட்டு ராகத்தில் லயித்துவிடுகிறேன், அது பாவம்தானே என்று கேட்டுக்கொள்கிறார். கீர்த்தனை பாடி வளர்ந்த எங்களுக்கெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

அதற்குப் பிறகுதான் பல்லி வருகிறது. நாய் முயலைத் துரத்தும் வேடிக்கையைப் பார்க்க இப்போதெல்லாம் அரங்கத்துக்குப் போவதில்லை. ஆனால் வயல்வெளியில் தற்செயலாக அந்தக் காட்சி கண்ணில் பட்டால் என்ன பெரிய யோசனையில் இருந்தாலும் மனசு அதன் பின்னால் ஓடிவிடுகிறது என்கிறார். சரி, வெளியில்தான் அப்படி என்றால், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சுவரில் பல்லி ஈயைப் பிடிக்கிறது, சிலந்தி தன் வலையில் விழுந்ததைச் சுருட்டுகிறது. அதையும் வாய் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிராணி சின்னது என்பதால் குற்றமும் சின்னதாகிவிடுமா என்று ஒரு கேள்வி.

ஜெபத்தில் மண்டி போட்டுக்கொண்டு ட்யூப்லைட் ஓரத்துப் பல்லியைக் கணக்கெடுத்த எவருக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். 1,600 வருடத்துக்கு முந்தைய ஒரு பேராயர், மேற்கத்திய கிறிஸ்தவ இறையியலுக்கே அடித்தளம் போட்டவர், தன் கவனம் சிதறுவதைப் பல்லியை வைத்துச் சொல்கிறார். தான் பெரிய பாவி என்று காட்டுவதில்கூட ஒரு பெருமை ஒட்டிக்கொள்ளும். பல்லியில் எந்தப் பெருமையும் இல்லை. அதனால்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

முழுக்கத் தூக்கிப் பேசிவிட்டுப் போவதும் சரியில்லை. ஏறக்குறைய பதினைந்து வருடம் அவரோடு வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்த பெண்ணை, வசதியான இடத்தில் பெண் பேசியதற்காக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் நெஞ்சு கிழிந்து ரத்தம் வடிந்தது என்று எழுதுகிறார். மகனின் பெயரைச் சொல்கிறார், அதெயோதாத்துஸ் என்று. அவள் பெயரைச் சொல்லவே இல்லை. அவள் மானம் காக்கத்தான் மறைத்தார் என்று வாதாடுபவர்கள் உண்டு. இருக்கலாம். பல்லிக்குக் கிடைத்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லையே என்று ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு உறுத்துகிறது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. சாட்சிக்கு எங்களிடம் ஓர் அச்சு இருந்தது. முதல் பத்தியில் துன்பம், இரண்டாவதில் ஜெபம், மூன்றாவதில் அற்புதம், கடைசியில் ‘தேவனுக்கே மகிமை உண்டாவதாக’. வருகிற கடிதம் எப்படி இருந்தாலும் அந்த அச்சில் வார்த்து எடுப்பது என் வேலை. ஒரு நாள் நாலு கோடு நோட்டுத் தாளில், பென்சிலில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் பீடி சுற்றுகிற ஓர் அம்மா. மகன் பைக்கிலிருந்து விழுந்து பத்து நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான், பிழைத்துவிட்டான். வலது கை மட்டும் வரவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: “ஜெபம் பண்ணையில கோவம் கோவமா வருது. கோவத்தோடயேதான் பண்ணுதேன். ஆண்டவருக்கு இது தெரியாமலா இருக்கும்.”

அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டேன். ‘பூரண சுகம் பெற்று’ என்று ஒரு தொடரைச் சேர்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கை பழகிப்போயிருந்தது. இதழ் வெளிவந்து இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. மடித்து வைத்திருந்த பக்கத்தை மேசையில் விரித்தார்.

“தம்பி, எம் மவன் கை சரியாயிட்டுன்னு போட்டிருக்கியளே. கோயில்ல எல்லாரும் வந்து அவன் கையைப் புடிச்சுப் புடிச்சுப் பாக்காவ. அவன் வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்கான்.”

அடுத்த மாதம் திருத்தம் போட்டோம், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நான் வெட்டிய அந்த இரண்டு வரிதான் அந்த வருடம் எங்கள் இதழுக்கு வந்ததிலேயே நல்ல எழுத்து என்று புரிய எனக்கு இன்னும் சில வருடம் ஆனது. கோபத்தோடு ஜெபிப்பது எப்படி என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்!

இத்தனைக்கும் அந்த அம்மா சொன்னது புதிய விஷயமே இல்லை. வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில் (ஜெபப் பாடல்கள்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதுவாவது கடைசியில் பாட்டும் நம்பிக்கையுமாக முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், பதில் இல்லை, சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. 23-உம் 91-உம் 121-உம் அச்சடிக்காத கிறிஸ்தவ நாட்காட்டி கிடையாது. 88-ஐ அச்சடித்த நாட்காட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அதைத் தொகுத்தவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களே, அவர்கள் எங்களைப் போலப் பிழை திருத்துபவர்கள் இல்லை.

சாட்சியை அச்சில் வார்க்கிற பழக்கம் பழையது. 1630-களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்திலிருந்து வந்த கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள்), மனம் திரும்பிய கதையைச் சபை முன்னால் சொன்னால்தான் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். பரீட்சை என்று வைத்துவிட்டால் எல்லாருடைய விடையும் ஒரே மாதிரி ஆகிவிடும்தானே. அதே பியூரிட்டன் மரபில் வந்த ஜான் பனியன் மட்டும் எப்படித் தப்பினார் என்பது எனக்கு ஆச்சரியம். பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கிற தொழிலாளி. பெட்ஃபோர்டு சிறையில் இருந்தபோது எழுதிய தன் வரலாறு 1666-இல் வந்தது. அலங்காரமாக எழுத எனக்கும் வரும், ஆனால் கடவுள் என்னிடம் விளையாடவில்லை, அதனால் நானும் இதில் விளையாட மாட்டேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். உள்ளே ஓர் இடத்தில், ‘கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு’ என்று ஒரு குரல் மாதக்கணக்கில் மண்டைக்குள் அரித்ததைச் சொல்கிறார். எப்போதெல்லாம்? சாப்பிடும்போது, விறகு பிளக்கும்போது, கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனியும்போது. அந்தக் குண்டூசியைக் கற்பனை பண்ணி எழுத முடியாது.

அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’தான் தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமானது. கம்பனில் ஊறிய தமிழ். அதன் அழகை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஈயம் பூசுகிறவரின் பேச்சு நம்மிடம் வரும்போது விருத்தமாக உயர்ந்துதான் வந்தது. விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேதாகமத் தமிழ், பிரசங்கத் தமிழ், ஜெபத் தமிழ் எல்லாம் தனி. மீன் விலை பேசுகிற தமிழ் வேறு.

அதைப் போட்டு உடைத்தது 1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’. பனை மட்டையின் இரண்டு பக்கமும் அரம் மாதிரி இருக்குமே, அந்தக் கருக்கு. கன்னியர் மடத்தில் சேர்ந்து, சில வருடங்களில் அதை விட்டு வெளியே வந்த ஒரு தலித் கத்தோலிக்கப் பெண், ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் வீட்டுக்குள் இருந்த வசதி, ஏசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாதி பார்க்கிற பழக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. பக்திப் புத்தக அலமாரியில் அதை யாரும் வைப்பதில்லை. நான் வைப்பேன். மடத்தின் மேல் அத்தனை கோபம் வர வேண்டுமானால், சுவிசேஷத்தில் சொன்னதை ஒருத்தி சொன்னபடியே நம்பியிருக்க வேண்டும். நான் முன்னால் சொன்ன ‘யாரைப் பார்த்து எழுதியது’ என்ற அளவுகோல் இந்தப் புத்தகத்துக்குப் பொருந்துமா என்றால், முழுக்கப் பொருந்தாது. அது ஊரையும் சபையையும் பார்த்தே பேசுகிறது. ஆனால் யாரிடமும் நல்ல பெயர் வாங்க எழுதியதில்லை.

சி. எஸ். லூயிஸ் விஷயத்தைச் சொன்னால் நான் சொல்லவருவது இன்னும் தெளிவாகும், ஏனென்றால் இரண்டு வகை எழுத்தும் அவர் ஒருவரிடமே இருக்கிறது. கடவுள் நல்லவர் என்றால் உலகத்தில் வலி எதற்கு என்ற கேள்விக்கு 1940-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆக்ஸ்போர்டு ஆசிரியர், வாதம் வாதமாக அடுக்கியிருப்பார். கெட்டிக்காரப் புத்தகம். இருபது வருடம் கழித்து, 1960 ஜூலையில், மனைவி ஜாய் புற்றுநோயில் போய்விட்டார். லூயிஸ் வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளில் எழுத ஆரம்பித்தார். துக்கம் பயத்தைப் போலவே இருக்கிறதே, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்பது முதல் வரி. சந்தோஷமாக இருக்கும்போது போனால் கடவுள் கதவைத் திறந்து வரவேற்கிறார். வேறு கதியில்லாமல் போனால் முகத்தில் அடித்தாற்போல் சாத்துகிறார், உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்கூடக் கேட்கிறது என்று எழுதுகிறார். சில பக்கம் தள்ளித் தன்னையே மறுக்கிறார்: நான் போட்ட கூச்சலில் எனக்குத்தான் காது கேட்கவில்லையோ என்னவோ. முடிவில் பதில் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் பூட்டிய கதவு மாதிரி இல்லை, யாரோ பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரியான பதிலின்மை என்கிறார்.

நான்காவது நோட்டுக்கு வந்ததும், வீட்டில் இருந்ததில் இதுதான் கடைசி, இதற்கென்று புதிதாக நோட்டு வாங்கப்போவதில்லை, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு முடிவு. துக்கத்தை எழுதி எழுதியே வளர்த்துக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் வந்த மனிதரின் முடிவு அது. 1961-இல் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். எழுதியது அவர்தான் என்று தெரியாத நண்பர்கள், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் புத்தகத்தை அவரிடமே கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். 1940-ஆம் வருடத்துப் புத்தகத்தை நான் பாடம் மாதிரிப் படித்தேன். இதை என் அப்பா இறந்த வாரத்தில் படித்தேன். முதல் புத்தகத்தில் தப்பு ஒன்றும் கிடையாது, ஆனால் அந்த வாரம் அதை எடுக்கக் கை வரவில்லை.

அன்னை தெரசா தன் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்களையும் இங்கே சொல்ல வேண்டும். உள்ளே வெறுமை, ஜெபித்தால் கடவுள் இல்லாதது போன்ற இருட்டு என்று பல வருடங்களாக எழுதியிருக்கிறார். எரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டும் அவை எரிக்கப்படவில்லை. அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் புத்தகமாக வந்தன. ‘பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை’ என்று அப்போது பலர் கொண்டாடினார்கள். இல்லாத ஒருவர் பேசவில்லை என்று ஐம்பது வருடம் எவரும் ஏங்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் வேண்டாம் என்று சொன்னதைப் படிக்கிறோமே என்ற கூச்சம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தும் படித்தேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘நேர்மை’ விலைபோகிறது என்று தெரிந்த பிறகு அதற்கும் ஓர் அச்சு வந்துவிட்டது. ‘நான் உடைந்தவன், எனக்கும் சந்தேகம் வரும், என் பலவீனத்தில் அவர் பலம்’ என்று மெல்லிய குரலில் எழுதுவது இப்போது நாகரிகம். பிரசங்க மேடைக்கும் வந்துவிட்டது. எது நிஜம் என்று கண்டுபிடிக்க நான் ஒன்று பார்ப்பேன்: சொன்னவருக்கு அதனால் ஏதாவது நஷ்டம் உண்டா? ‘நான் பாவி’ என்றால் சபையே ஸ்தோத்திரம் சொல்லும். ‘கன்வென்ஷன் கூட்டத்தில் அழுதேன், ஆனால் பாட்டுதான் அழவைத்தது, பிரசங்கம் என் காதில் விழவே இல்லை’ என்று ஒருவர் எழுதினால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அகஸ்டினை எடுத்தால் முதல் பகுதியிலிருந்து வரிசையாக வராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். எட்டு, பிறகு பத்து. லூயிஸின் நோட்டுப் புத்தகம் ஒரு மாலையில் முடிந்துவிடும். வீட்டில் சாவு நடந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பார்த்து எடுங்கள். சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் சகோதரர் லாரன்ஸ். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கர்மேல் மடத்தில் சமையல்காரர், முன்னாள் சிப்பாய். சமையல் வேலையே அவருக்குப் பிடிக்காது. மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்கிவர பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள். கால் ஊனம், படகில் நடக்க முடியாது, பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறார். கடவுளின் பிரசன்னத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோனாலும் அந்தப் பீப்பாய் மறக்காது.

வேதாகமத்தையே கையில் எடுப்பதானால் 88-ஆம் சங்கீதத்தைப் படித்துவிட்டு, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் (கடிதத்தின்) கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். அதை ஆதிச் சபையின் முன்னோடியான பவுலே எழுதினாரா என்று ஆய்வாளர்களுக்குள் தர்க்கம் உண்டு. நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்று கம்பீரமாக ஒரு வசனம் வரும். எங்கள் ஊர்க் கல்லறைகளில் பாதியில் அதுதான் பொறித்திருக்கும். அப்படியே ஐந்தாறு வசனம் கீழே இறங்குங்கள். சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருக்கிற கிழவர், துரோவாவில் கார்ப்பு என்பவன் வீட்டில் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் எடுத்து வா என்கிறார். இன்னும் கொஞ்சம் கீழே, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடப் பார் என்று மறுபடி ஒரு வரி. குளிர் ஆரம்பித்திருக்கும் போல.